கயிற்றை விட்ட பிறகும் மணி அடிக்கும்



போன மாதம் ஒரு சகோதரி எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். பெயரையும் ஊரையும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் சாரம் இதுதான். "ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறேன். செபிக்கிறேன். ஆனால் வீட்டுக்கு வந்து அரை மணித்தியாலம் போகுமுன் மாமியோடு வாய்த்தர்க்கம். பிள்ளைக்கு அடி. யுத்த நேரத்தில் எங்களுக்குத் துரோகம் செய்த ஒரு குடும்பம் பக்கத்துக் காணியில் இருக்கிறது. அவர்களைக் கண்டால் வயிறு எரிகிறது. நான் உண்மையான விசுவாசியா, இல்லாவிட்டால் வேஷக்காரியா?"

இந்தக் கடிதத்தை ஒரு கிழமையாக வேதாகமத்துக்குள் வைத்திருந்தேன். புத்தி சொல்லிப் பதில் எழுதுவது சுலபம். மன்னிக்க வேண்டும், பொறுக்க வேண்டும், அன்பாயிருக்க வேண்டும் என்று மூன்று வரியில் முடித்துவிடலாம். அதையெல்லாம் நீங்கள் எத்தனையோ தடவை கேட்டிருப்பீர்கள். நானும் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆகையால் இந்த முறை என் கதையையும், என்னைவிட எவ்வளவோ பெரிய ஒரு பெண்ணின் கதையையும் சொல்கிறேன். இந்தப் பக்கத்தைச் சைவச் சகோதரிகளும் முஸ்லிம் சகோதரிகளும் வாசிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் என் விசுவாசத்தின் மொழியில் எழுதுகிறேன். மனவருத்தம் எல்லோருக்கும் ஒன்றுதானே.

பங்கர் வாசல்

2009ஆம் ஆண்டு மார்ச் மாதம். கிளிநொச்சியில் இருந்து வெளிக்கிட்டு, இடம் மாறி மாறி, வலைஞர்மடம் கடற்கரையில் தறப்பாள் கட்டியிருந்தோம். அங்கே இருந்தவர்களுக்கு நான் விபரிக்கத் தேவையில்லை. மணலில் பங்கர் வெட்டினால் பக்கம் சரிந்து விழும். மண் நிரப்பி அடுக்க உரப்பை கிடைக்காது. பெண்கள் கூறைச் சேலைகளையும் வெட்டிப் பை தைத்தோம். எங்களுடைய பங்கர் அரைவாசியில் நின்றது.

ஒரு பின்னேரம் செல் விழத் தொடங்கியது. அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு பக்கத்துப் பங்கருக்கு ஓடினேன். அது எங்கள் ஊர் அக்கா ஒருவருடையது. ஒரே ஆலயத்தில் ஒரே வாங்கில் இருந்து பாடினவர்கள் நாங்கள். அவர் வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "இடமில்லை, இனி ஆளுக்கு இடமில்லை" என்று கத்தினார். அம்மா வாசலுக்கு வெளியே மண்மூடையோடு ஒட்டிப் படுத்தார். நான் அவரை அணைத்துக்கொண்டு படுத்தேன். அன்றைக்கு அம்மாவின் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

அம்மா 2015 வரை உயிரோடு இருந்தார். அந்த ஆறு வருடமும் அவரைத் தூக்கி இருத்தும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த விரித்த கைகள்தான் ஞாபகம் வரும். 2010இல் மீள்குடியேறியபோது அக்காவும் அதே ஊருக்கு, அதே ஆலயத்துக்கு வந்து சேர்ந்தார். அவருடைய கணவர் 2009 மே மாதத்துக்குப் பிறகு திரும்பி வரவில்லை. அதற்குக்கூட எனக்கு இரக்கம் வரவில்லை. ஆலயத்தில் அவர் வலது பக்கம் இருந்தால் நான் இடது பக்கம் இருப்பேன். எங்களுக்குத் தீங்கு செய்தவர்களை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்ற பொருளில் வரும் ஆண்டவருடைய செபத்தை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொல்லுவோம்.

ஒரு பெயர்ப் பட்டியல்

2022ஆம் ஆண்டு நாட்டுக்கு வந்த பொருளாதார நெருக்கடியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அரிசி, மா, மண்ணெண்ணெய் எல்லாம் எட்டாத விலைக்குப் போயின. அடுத்த வருடம் ஒரு உதவி வந்தது. பன்னிரண்டு குடும்பங்களுக்குக் கோழிக்குஞ்சும் கூடும் தருவதாகச் சொன்னார்கள். ஆண் துணையில்லாத குடும்பங்களுக்கு முதலிடம். பெயர்களை எழுதிக் கொடுக்கும் வேலை எங்கள் ஆலயப் பெண்கள் சங்கத்துக்கு வந்தது. சங்கத்தின் செயலாளர் நான்தான்.

இரவு குப்பிவிளக்கு வெளிச்சத்தில் பெயர்களை எழுதினேன். அக்காவின் பெயர் முதல் மூன்றுக்குள் வந்திருக்க வேண்டும். கணவர் இல்லை, வருமானம் இல்லை, வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஆனால் என் பேனை அவருடைய பெயருக்குப் போகவில்லை. "அவவுக்கு மகன் கொழும்பில வேலை செய்யிறான்தானே" என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொன்னேன். அந்த மகன் மாதா மாதம் காசு அனுப்புவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். பன்னிரண்டு பெயரை எழுதி, கையெழுத்து வைத்து, கொடுத்துவிட்டேன்.

குஞ்சுகள் வந்த அன்று அக்காவும் வந்திருந்தார். தனக்கு இல்லை என்று தெரிந்த பிறகும் போகாமல் நின்று, மற்றவர்களின் கூடுகளை லாண்ட்மாஸ்ரரில் ஏற்ற உதவி செய்தார். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் வேறு வேலை பார்த்தேன்.

இதைக் கூடாத காரியம் என்று நான் அன்றைக்கு நினைக்கவில்லை. அடுத்த மாதம் லெந்து காலக் கூட்டத்தில் மன்னிப்பைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டார்கள். சந்தோசமாக ஒத்துக்கொண்டேன்.

மணிக்கூடு திருத்திய பெண்

பேசுவதற்கு நான் எடுத்த கதை கொரி ரென் பூம் என்ற பெண்ணுடையது. ஒல்லாந்தர் என்றால் எங்களுக்கு யாழ்ப்பாணக் கோட்டைதான் ஞாபகம் வரும். 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்தவர்கள் அவர்கள். அந்த ஒல்லாந்தரின் நாட்டிலே ஹார்லம் என்று ஒரு பட்டினம். அங்கே 1837இல் கொரியின் பாட்டனார் ஒரு மணிக்கூட்டுக் கடையைத் தொடங்கினார். கொரி பிறந்தது 1892இல். தகப்பனிடம் தொழில் பழகி, மணிக்கூடு திருத்துவதற்கு அனுமதிப் பத்திரம் பெற்றார். அந்த நாட்டில் அப்படிப் பெற்ற முதற் பெண் அவர்தான் என்று சொல்லப்படுகிறது. அவரும் திருமணம் செய்யவில்லை, அக்கா பெற்சியும் திருமணம் செய்யவில்லை. கடைக்கு மேலே உள்ள வீட்டில் வயதான தகப்பனோடு இருந்தார்கள்.

1940 மே மாதம் ஹிட்லரின் படைகள் ஒல்லாந்தைப் பிடித்தன. யூதர்களைத் தேடிப் பிடித்து முகாம்களுக்கு ஏற்றத் தொடங்கினார்கள். இந்தக் குடும்பம் யூதர்களைத் தங்கள் வீட்டில் ஒளித்து வைத்தது. கொரியின் படுக்கை அறையில் ஒரு பொய்ச் சுவர் கட்டி, அதற்குப் பின்னால் ஆறேழு பேர் நெருக்கி நிற்கக்கூடிய ஓர் ஒளிப்பிடம் செய்தார்கள். யாராவது தேடி வந்தால் எல்லோரும் அதற்குள் போய்விட வேண்டும்.

1944 பெப்ரவரி 28ஆம் திகதி, ஒருவர் காட்டிக் கொடுத்ததால் வீடு முற்றுகையிடப்பட்டது. குடும்பத்தவரும் வீட்டுக்கு வந்திருந்தவர்களும் கைது செய்யப்பட்டார்கள். சுவருக்குப் பின்னால் இருந்த ஆறு பேரையும் மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர்கள் தப்பிவிட்டார்கள். தகப்பனுக்கு 84 வயது. பிடித்த பத்தாம் நாள் இறந்துபோனார். கொரியும் பெற்சியும் பல மாதச் சிறைக்குப் பிறகு, அந்த வருடம் செப்டெம்பரில் ஜேர்மனியில் உள்ள ராவென்ஸ்புறூக் என்ற பெண்கள் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அந்த முகாமுக்குள் போன பெண்களின் தொகை ஒரு இலட்சத்துக்கும் அதிகம்.

முகாம் என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். வரிசை, எண்ணிக்கை எடுத்தல், மலசலகூடம், நுளம்பு, வெட்கம் எல்லாம் தெரியும். ராவென்ஸ்புறூக் அதைவிடக் கொடிது. அங்கே வேலை வாங்கியே கொன்றார்கள். கொரி இருந்த கொட்டிலில் எங்கும் தெள்ளுப்பூச்சி. பெற்சி அந்தத் தெள்ளுக்கும் நன்றி சொல்லிச் செபித்தாராம். கொரிக்கு அது பிடிக்கவில்லை. தெள்ளுக்கும் நன்றியா என்று அவருக்குக் கோபம் வந்தது. பிற்பாடுதான் தெரிந்தது, தெள்ளுக்குப் பயந்து காவற்காரர்கள் அந்தக் கொட்டிலுக்குள் வருவதில்லை. அதனால்தான் அங்கே இரவிலே ஒளித்து வைத்த வேதாகமத்தை வாசித்துச் செபிக்க முடிந்தது.

1944 டிசெம்பர் 16ஆம் திகதி பெற்சி அங்கேயே இறந்தார். அந்த மாதக் கடைசியில் கொரி விடுதலையானார். அது ஒரு எழுத்துப் பிழையால் நடந்த விடுதலை என்று பிறகு அறிந்துகொண்டார்.

மியூனிக் ஆலயத்தில்

யுத்தம் முடிந்த பிறகு கொரி ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1947இல் ஜேர்மனியின் மியூனிக் நகரில் ஓர் ஆலயத்தில் மன்னிப்பைப் பற்றிப் பேசி முடித்தபோது, கூட்டத்தில் இருந்து ஒரு மனிதர் அவரை நோக்கி வந்தார். கண்டவுடனே கொரிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. ராவென்ஸ்புறூக்கில் காவலாளியாய் இருந்தவர். பெண்கள் உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு அவருக்கு முன்னால் நடந்து போக வேண்டியிருந்த அந்த நாள், தன் அக்காவின் எலும்பும் தோலுமான உடம்பு, எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணுக்கு முன்னால் வந்தன. அந்த மனிதருக்குக் கொரியை அடையாளம் தெரியவில்லை. தான் இப்போது கிறிஸ்தவன் என்றும், ஆண்டவர் தன்னை மன்னித்துவிட்டார் என்றும், அந்த முகாமில் இருந்த ஒரு பெண்ணின் வாயாலும் மன்னிப்பைக் கேட்க விரும்புவதாகவும் சொல்லிக் கையை நீட்டினார்.

சற்று முன்தான் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கித்த பெண்ணுக்குக் கை எழும்பவில்லை. உள்ளே ஒரு துளி அன்பும் இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார். என்னால் முடியாது, கையை மட்டும் தூக்குகிறேன், மிச்சத்தை நீர் தாரும் என்று மனதுக்குள் செபித்தபடி, மரக்கட்டை மாதிரிக் கையைத் தூக்கி அவருடைய கையில் வைத்தார். அதற்குப் பிறகுதான் மனம் இளகியது. உணர்ச்சி முதலில் வரவில்லை. கை முதலில் போனது.

இந்தக் கதை உலகமெங்கும் தெரிந்த கதை. கூட்டத்தில் சொன்னால் எல்லோருக்கும் கண் கலங்கும் என்று எனக்குத் தெரியும். நான் ஆயத்தம் செய்ததும் இதைத்தான்.

நடு வரிசை

கூட்டத்துக்கு முதல் நாள் இரவு, அவருடைய வாழ்க்கை வரலாற்றைத் திரும்ப ஒருக்கால் புரட்டினேன். அதில் நான் முன்பு கவனிக்காமல் விட்ட ஒரு இடம் வந்தது.

முகாமில் விடியற்புறம் குளிரில் மணித்தியாலக் கணக்காக நிற்க வைத்து எண்ணிக்கை எடுப்பார்கள். வரிசையின் ஓரத்தில் நிற்பவர்களுக்குத்தான் குளிர்காற்று முழுவதும் அடிக்கும். கொரி மெல்ல மெல்லத் தந்திரம் பழகிக்கொண்டார். எப்படியாவது தானும் அக்காவும் நடுவில் நிற்கும்படி பார்த்துக்கொள்வார். சுற்றி நிற்கும் பெண்கள் காற்றை வாங்குவார்கள். தன் அக்கா வருத்தக்காரி, தான் மற்றவர்களுக்கு வேதம் வாசிக்க வேண்டியவள், தங்களுக்குப் பெலன் வேண்டும்தானே என்று அவருக்கு ஒரு நியாயம் இருந்தது. அவரிடம் ஒரு சின்ன விற்றமின் போத்தலும் இருந்தது. அதை அக்காவுக்கு மட்டும் ஒளித்து வைக்க வேண்டும் என்று நினைத்தார். அக்காவோ கொட்டிலில் வருத்தமாய்க் கிடந்தவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு துளி கொடுக்கச் சொன்னார்.

இப்படிச் சிறிது சிறிதாகத் தன்னலம் வளர்ந்தபோது செபம் வறண்டு போயிற்று, வேதம் வாசிப்பது வெறும் கடமையாயிற்று என்று அவர் எழுதுகிறார். ஒரு இரவு வாசிப்பை நிறுத்திவிட்டு, தன்னைச் சுற்றி இருந்த பெண்களிடமே தன் குற்றத்தைச் சொன்னார். தன்னலக்காரியாக இருந்தேன், உங்களுக்கு அன்பு காட்டவில்லை என்றார். அன்றிரவுதான் சந்தோசம் திரும்பி வந்தது என்கிறார்.

நான் புத்தகத்தை மூடி வைத்தேன். அடுத்த நாள் நான் பேசவேண்டிய கூட்டத்தில் அக்காவும் இருப்பார். அந்தப் பன்னிரண்டு பெயர்கள் வரிசையாக எனக்கு முன்னால் வந்து நின்றன. மியூனிக்கில் கையை நீட்டின பெண்ணாக என்னை நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் நான் நடு வரிசையில் நின்ற பெண். அக்காவை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, அதற்கு நியாயமும் சொல்லிக்கொண்டு நின்றேன். எத்தனையோ வருடத்துக்கு முன்னம் பங்கர் வாசலில் அவர் விரித்த கைக்கும், குப்பிவிளக்கடியில் நான் பிடித்த பேனைக்கும் என்ன வித்தியாசம்? அவர் செல் விழும்போது பயத்தில் செய்தார். நான் ஆறுதலாக இருந்து யோசித்துச் செய்தேன்.

நான் சொல்லாமல் விட்டது

சகோதரிகளே, மேலே பங்கர் கதையைச் சொன்னபோது ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன். வருடக் கணக்காக யாரிடம் சொன்னாலும் அதை விட்டுத்தான் சொல்லுவேன். என் அம்மா மட்டும் அதை விடமாட்டார்.

செட்டிகுளம் முகாமில் இருந்தபோது ஒருநாள் நான் அக்காவைத் திட்டிக்கொண்டிருந்தேன். காலில்லாமல் பாயில் கிடந்த அம்மா கேட்டார்.

"பிள்ளை, அண்டைக்கு உன்ர பிள்ளையள் ரெண்டும் எங்க இருந்ததுகள்?"

"ஏனம்மா?"

"ஆற்ற பங்கருக்குள்ள இருந்ததுகள் எண்டு கேக்கிறன்."

நான் பேசவில்லை. கையை விரிப்பதற்கு முன்பு அந்த அக்கா என் இரண்டு பிள்ளைகளையும் பிடித்து உள்ளே இழுத்துத் தன் பிள்ளைகளுக்குக் கீழே அமுக்கினார். அதற்குப் பிறகுதான் பெரிய ஆட்களுக்கு இடமில்லை என்று கத்தினார். உள்ளே ஏற்கெனவே ஒன்பது பேர். என் பிள்ளைகள் இன்றைக்கு உயிரோடு இருப்பதற்கு அந்தப் பங்கர்தான் காரணம்.

"ஒரு கால்தானே பிள்ளை. அதுகள் ரெண்டும் இருக்குதுகள்" என்றார் அம்மா. அவர் அன்றைக்கே மன்னித்துவிட்டார். நான் அம்மாவுக்காகக் கோபத்தைச் சுமக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, அம்மா இறக்கிவைத்த சுமையைத் தூக்கி என் தலையில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் கூட்டத்தில் மியூனிக் கதையை நான் சொல்லவில்லை. உடம்பு சரியில்லை என்று போதகரம்மாவிடம் சொல்லித் தப்பிவிட்டேன். அதுவும் ஒரு பொய்தான். மூன்று நாள் கழித்துத்தான் அக்காவின் வீட்டுக்குப் போக எனக்குத் தைரியம் வந்தது. படலையடியில் நின்றே சொன்னேன்.

"அக்கா, கோழிக்குஞ்சு லிஸ்ற்றில உங்கட பேரை விட்டது நான்தான். மறந்து விடேல்ல. தெரிஞ்சுதான் விட்டனான்."

அக்கா தும்புத்தடியைச் சுவரோடு சாத்தி வைத்தார்.

"எனக்குத் தெரியும் பிள்ளை. லிஸ்ற் எழுதினது நீங்கள் எண்டு கேள்விப்பட்டவுடனேயே விளங்கிட்டுது." கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "அண்டைக்குக் கிழவியை வெளியில விட்டனான். எனக்கும் எத்தின இரவு நித்திரை இல்லை. வந்து சொல்ல வாய் வரேல்ல" என்றார்.

நாங்கள் கட்டிப் பிடித்து அழவில்லை. அவர் தேத்தண்ணீர் தந்தார். சீனி இல்லை, பனங்கட்டியோடு குடித்தோம். நான் என் கோழிகளில் இரண்டு பேட்டையும் ஒரு சேவலும் கொண்டுபோய்க் கொடுத்தேன். சங்கத்திலும் நடந்ததைச் சொல்லி, இனிமேல் பெயர்ப் பட்டியலை ஒரு ஆள் தனியே எழுதக்கூடாது, மூன்று பேர் சேர்ந்து எழுத வேண்டும் என்று தீர்மானம் எடுக்கச் செய்தேன். சகேயு என்ற வரிவசூலிப்பவர் இயேசுவைச் சந்தித்த அன்று, அநியாயமாய் எடுத்ததை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னாரல்லவா? மனம் வருந்தினால் மட்டும் போதாது, கணக்கும் சரிசெய்ய வேண்டும்.

மணியும் கயிறும்

இத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. இரண்டு கிழமை கழித்து, பெட்டியில் இருந்த அம்மாவின் ஒற்றைச் செருப்பைக் கண்டபோது பழைய கோபம் அப்படியே பொங்கி வந்தது. அப்படியானால் நான் மன்னித்ததெல்லாம் பொய்யா?

இதற்கும் கொரியின் வாழ்க்கையில்தான் பதில் கிடைத்தது. முகாம் காவலாளியையே மன்னித்த அந்தப் பெண், பிற்காலத்தில் தன்னோடு பழகிய சில கிறிஸ்தவ நண்பர்கள் செய்த ஒரு காரியத்தை மறக்க முடியாமல் இரவிலே நித்திரையின்றிப் புரண்டார். மன்னித்துவிட்டேன் என்று நினைத்த பிறகும் அது திரும்பத் திரும்ப வந்தது. ஒரு போதகரிடம் போய் முறையிட்டார். போதகர் யன்னலூடே கோபுரத்து மணியைக் காட்டி ஒரு விளக்கம் சொன்னார். மணி அடிப்பவர் கயிற்றை விட்ட பிறகும் மணி உடனே நிற்காது. ஆடி ஆடி, சத்தம் குறைந்து குறைந்துதான் நிற்கும். மன்னிப்பதென்றால் கயிற்றை விடுவது. பழைய கோபம் இன்னும் கொஞ்சக் காலம் அடிக்கும். அதற்காக நாங்கள் திரும்பக் கயிற்றைப் பிடித்துவிட்டோம் என்று பயப்பட வேண்டியதில்லை.

ஆலயத்தில் மணி அடித்துப் பழகினவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். திரும்பவும் பிடித்து இழுத்தால்தான் பிழை. அந்த நண்பர்கள் செய்ததற்குச் சாட்சியாக அவர்களுடைய கடிதங்களைக்கூடக் கொரி பத்திரமாக வைத்திருந்தார். பிறகு ஒருநாள் வெட்கப்பட்டு அவற்றை நெருப்பில் போட்டார். எங்களிடமும் அப்படியான கடிதக்கட்டுகள் இருக்கின்றன. பல எங்கள் வாயிலேதான் இருக்கின்றன. "அவை எங்களுக்குச் செய்ததைக் கேளுங்கோவன்" என்று யாராவது வந்திருந்தால் உடனே எடுத்து விரிப்போம். ஒவ்வொரு தடவை விரிக்கும்போதும் கயிறு இழுபடுகிறது.

ஒரு விளக்கம் தேவை

மன்னிப்பைப் பற்றி எழுதும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மன்னிப்பு என்ற சொல்லை வைத்துப் பெண்களின் வாயை அடைப்பவர்கள் உண்டு. அடிக்கிற கணவனிடம் "மன்னித்துவிட்டுப் போ" என்று திருப்பி அனுப்புவது மன்னிப்பு அல்ல. அடி விழும் இடத்தில் இருந்து விலகி, உதவி கேட்டு, பாதுகாப்பான இடத்தில் இருந்துகொண்டும் மன்னிக்கலாம்.

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளையும் கணவரையும் தேடும் தாய்மார், 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் வீதியோரத்தில் போராட்டத்தைத் தொடங்கினார்கள். "எங்கே?" என்று கேட்பது பகை அல்ல. அது அவர்களின் உரிமை. கொரி மன்னித்தார் என்பதற்காக நீதிமன்றங்கள் பூட்டப்படவில்லை. 1946 முதல் 1948 வரை ஹம்பேர்க் நகரில் பிரித்தானிய இராணுவ நீதிமன்றம் ராவென்ஸ்புறூக் முகாமை நடத்தியவர்களை விசாரித்துத் தண்டித்தது. ஒருவர் தன் மனதிலிருந்து பகையை இறக்குவது வேறு. நடந்த உண்மையை நாடும் நீதிமன்றமும் சொல்ல வேண்டியது வேறு. இரண்டும் வேண்டும்.

இன்னொன்று. மற்றவருக்காக நாங்கள் மன்னிக்கவும் முடியாது, மற்றவருக்காகக் கோபத்தைச் சுமக்கவும் தேவையில்லை. ஒரு பெண்ணுக்கு இன்னும் மன்னிக்க முடியவில்லை என்றால், அவளுக்குப் பக்கத்தில் இருந்து தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுங்கள். நாள் குறிக்காதீர்கள். எனக்கு எத்தனை வருடம் எடுத்தது என்று பார்த்தீர்கள்தானே.

கடிதம் எழுதிய சகோதரிக்கு

நான் விசுவாசியா, வேஷக்காரியா என்று கேட்டிருந்தீர்கள். வேஷக்காரிக்கு இந்தக் கேள்வி வராது. மாமியோடு சண்டை பிடித்த பிறகு உங்களுக்கு மனம் நோகிறதே, ஆண்டவர் அந்த நோவுக்குள்தான் நின்று பேசுகிறார். பேதுரு மூன்று தரம் ஆண்டவரை மறுதலித்தவர். சேவல் கூவினபோது வெளியே போய் அழுதார். அவரைத்தான் ஆண்டவர் திரும்பக் கூப்பிட்டு, கடற்கரையில் மீனும் அப்பமும் கொடுத்து, வேலையையும் ஒப்படைத்தார்.

நான் செய்து பார்த்த சிலதைச் சொல்கிறேன். பிள்ளைக்கு அடித்துவிட்டால், படுக்கப் போகுமுன் "அம்மா செய்தது பிழை" என்று பிள்ளையிடமே சொல்லுங்கள். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை குறையாது. மாமியோடு வாக்குவாதம் வரப்போகிறதென்று தெரிந்தால், கிணற்றடிக்குப் போய் இரண்டு வாளி தண்ணீர் அள்ளிவிட்டு வாருங்கள். பக்கத்துக் காணிக்காரரைக் கண்டால் அன்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். "என்ன, சுகமோ?" என்ற ஒரு சொல் போதும். கை முதலில் போகட்டும், மனம் பின்னால் வரும். அதுவும் முடியாத நாளில், "ஆண்டவரே, இன்றைக்கு என்னால் முடியவில்லை" என்று சொல்லிவிட்டுப் படுங்கள். அதுவும் செபம்தான். இரவிலே நித்திரை வராமல், பழைய காட்சிகள் திரும்பத் திரும்ப வந்து துன்பம் தந்தால், ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குப் போய்க் கதைப்பதற்கு வெட்கப்படாதீர்கள். அது விசுவாசக் குறைவு அல்ல.

இப்போது ஆலயத்தில் அக்காவும் நானும் ஒரே வாங்கில் இருக்கிறோம் என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் உண்மை அதுவல்ல. அவர் வலது பக்கத்தில் தன் பழைய இடத்தில்தான் இருக்கிறார், நான் இடது பக்கத்தில் இருக்கிறேன். ஆராதனை முடிந்தால் படலை வரைக்கும் சேர்ந்து நடப்போம். நான் கொடுத்த பேடு அடை வைத்து ஒன்பது குஞ்சு பொரித்ததாம், ஒன்றைப் பருந்து கொண்டுபோய்விட்டதாம். போன ஞாயிறு அதைத்தான் கதைத்துக்கொண்டு வந்தோம். அம்மாவைப் பற்றி இன்னும் அதிகம் கதைக்கவில்லை. மணி இன்னும் கொஞ்சம் ஆடுகிறது. கயிறு மட்டும் என் கையில் இல்லை.

அடுத்த இதழில் சந்திப்போம். உங்கள் கடிதங்களை எழுதுங்கள்.